ஸ்வான் பள்ளத்தாக்கில் அம்மாவும் ஒரு வாளியும்

சித்தி மகள் பெர்த்தில் என்ன வேலை செய்கிறாள் என்று யார் கேட்டாலும் எங்கள் குடும்பத்தில் ஒரே பதில்தான்: “பழத்தோட்டத்துல வேலை.” சித்தி கோயிலிலும் அப்படித்தான் சொல்வார், கல்யாண வீட்டிலும் அப்படித்தான் சொல்வார். அது பொய் இல்லை. தோட்டம் இருக்கிறது, அதில் பழமும் இருக்கிறது. ஆனால் அந்தப் பழத்தைப் பிழிந்து என்ன செய்கிறார்கள், அதில் தங்கச்சிக்கு என்ன வேலை என்பது எனக்கு மட்டுமே தெரிந்த விஷயமாக ஓராண்டு இருந்தது. வேலை-விடுமுறை விசாவில் போனவள் முதலில் திராட்சை பறித்தாள். பிறகு அதே ஒயின் ஆலையில் விருந்தினருக்கு ஊற்றிக் கொடுக்கும் முகப்பில் நின்றாள். அந்த முகப்பை அங்கே ‘செல்லர் டோர்’ என்கிறார்கள். ஆலைக்குள் நுழைந்ததும் இருக்கும் நீண்ட மேசை, பின்னால் பாட்டில்கள், முன்னால் சுவைத்துப் பார்க்க வந்தவர்கள்.

சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு பெர்த் போனேன். கோலாலம்பூரிலிருந்து ஐந்தரை மணி நேரப் பயணம். இறங்கியதும் கடிகாரத்தைத் திருப்பவேண்டிய வேலை இல்லை, அவர்களுக்கும் நமக்கும் ஒரே நேரம்தான். முதல் நாள் கடற்கரை, இரண்டாம் நாள் கங்காரு. மூன்றாம் நாள் தங்கச்சி வேலை செய்யும் இடத்துக்குப் போவதாகத் திட்டம். இரண்டாம் நாள் இரவு விடுதி அறையில் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். மடித்து முடித்துவிட்டு, “நான் வரல. நீ போயிட்டு வா” என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏன் பேசவில்லை என்பது தோட்டப்புறத்தில் பிறந்த எந்தக் குடும்பத்துக்கும் புரியும். அம்மா பிறந்தது சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில். சம்பள நாள் சாயங்காலம் பாட்டி அம்மாவைக் கள்ளுக்கடைக்கு அனுப்புவாராம். ஒன்பது வயதுப் பிள்ளை வாசலில் நின்று “அப்பா, அம்மா கூப்பிடுறாங்க” என்று சொல்ல வேண்டும். உள்ளே போகக்கூடாது. தாத்தா வருவதற்குள் சம்பளத்தில் பாதி போயிருக்கும். தாத்தா ஐம்பதைத் தாண்டவில்லை. இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு சேர்த்துக் கள்ளுக்கடைகளை மூடச் சொல்லியும் கேட்டார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்தும்படி கேட்டதும் அதே கோரிக்கைப் பட்டியலில்தான். கள்ளை அவர்கள் எதனோடு சேர்த்துப் பார்த்தார்கள் என்பது அதிலேயே தெரிகிறது.

ஆகவே எங்கள் வீட்டில் பீர், ஒயின், விஸ்கி என்ற பாகுபாடு கிடையாது. எல்லாவற்றுக்கும் ஒரே சொல், ‘குடி’.

மறுநாள் காலை பெர்த்தில் வெயில் நாற்பதைத் தொடும் என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். விடுதி அறையில் குளிர்சாதனம் சரியாக வேலை செய்யவில்லை. “சரி, காருல உக்காந்துக்கறேன்” என்று அம்மா கிளம்பினார். நான் மறுத்துப் பேசவில்லை. நாற்பது டிகிரியில் யாரும் காரில் உட்கார முடியாது என்பது இருவருக்குமே தெரியும்.

பெர்த் நகரத்திலிருந்து ஸ்வான் பள்ளத்தாக்கு காரில் ஏறக்குறைய 25 நிமிடம். நம் ஆட்கள் ஒயின் என்றதும் தெற்கே மூன்று மணி நேரம் ஓட்டி மார்கரெட் ரிவர் போகிறார்கள். அது அழகான இடம்தான். ஆனால் அங்கே முதல் வணிகத் தோட்டம் வைத்ததே 1967இல். ஸ்வான் பள்ளத்தாக்குக்கு வயது அதிகம். 1829இல் ஆங்கிலேயர் ஸ்வான் நதிக் கரையில் குடியேற்றம் தொடங்கிய கையோடு திராட்சைக் கொடியையும் நட்டுவிட்டார்கள். அதற்கும் நெடுங்காலம் முன்பிருந்தே அந்த நிலம் நூங்கார் மக்களுடையது. நதிக்கு அவர்கள் வைத்த பெயர் டெர்பார்ல் யெரிகன். ஸ்வான் என்ற பெயர் 1697இல் வந்த டச்சுக் கப்பல்காரர்கள் இங்கே கறுப்பு அன்னங்களைப் பார்த்து அசந்துபோய் வைத்தது.

கில்ட்ஃபோர்ட் என்ற பழைய சிற்றூரைத் தாண்டியதும் வெஸ்ட் ஸ்வான் சாலை. அதன் இரண்டு பக்கமும் திராட்சை. கார் ஓட்டத் தெரியாதவர்கள் பெர்த்திலிருந்து மிட்லண்ட் தடத்து ரயிலில் கில்ட்ஃபோர்ட் வரை வரலாம். சாலையோரம் சின்னச் சின்னக் கொட்டகைகளில் உண்ணும் திராட்சையைப் பெட்டி பெட்டியாக விற்கிறார்கள். இங்கே தோட்டம் வைத்தவர்களில் குரோவேஷியாவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்த குடும்பங்கள் நிறைய. பல கடைப் பெயர்களில் அந்த ஊர்க் குடும்பப் பெயர்கள் இன்னும் இருக்கின்றன. அம்மா ஒரு கொட்டகையில் இறங்கி ஒரு பெட்டி வாங்கினார். “இத அப்படியே தின்னா போதாதா?” என்று ஒரு கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

தங்கச்சி வேலை செய்யும் ஆலையின் பெயரை எழுதமாட்டேன். முதலாளிக்கு அவள் குடும்பக் கதை தெரியவேண்டியதில்லை. நாங்கள் போனது காலை பத்து மணி. அவள் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்துவிட்டாள். அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வாள் என்று அவள் சொன்னபோதுதான் இந்த வேலை எனக்குக் கொஞ்சம் புரிந்தது. முதலில் கண்ணாடிக் கோப்பைகள். கழுவிய கோப்பையில் சோப்பு வாசனை இருக்கக்கூடாது, துடைத்த துணியின் வாசனையும் இருக்கக்கூடாது. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மூக்கருகே வைத்துப் பார்த்து அடுக்க வேண்டும். பிறகு நேற்றுத் திறந்த பாட்டில்கள். காற்றுப்பட்ட ஒயின் கெட்டுப்போகும். ஒவ்வொன்றிலும் சிறிது ஊற்றி, முகர்ந்து, வாயில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு பாட்டில்.

“காலைலயே பத்து பாட்டிலா?” என்றார் அம்மா. அன்றைக்கு அவர் தங்கச்சியிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“முழுங்க மாட்டேன் பெரியம்மா” என்று அவள் மேசைக்கு அடியிலிருந்து ஓர் உலோக வாளியை எடுத்துக் காட்டினாள். அம்மா அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சுவைத்துப் பார்க்கும் முறையை அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோலத்தான். நான் ஏற்கனவே இரண்டு தவறு செய்திருந்தேன். நறுமணத் தைலம் போட்டு வந்தது ஒன்று, வாயில் சூயிங்கம் மென்றுகொண்டு வந்தது இன்னொன்று. ஒயினில் முக்கால்வாசி வேலை மூக்குக்குத்தான். நான் போட்டுவரும் வாசனை என் மூக்கை மட்டும் கெடுக்காது, பக்கத்தில் நிற்பவர் காசு கொடுத்து வந்ததையும் சேர்த்துக் கெடுக்கும். இது யாருக்கும் தோன்றுவதில்லை என்றாள். உதட்டுச் சாயமும் அப்படித்தான்; கோப்பை விளிம்பில் ஒட்டினால் கழுவுவது அவள்தான்.

கோப்பையின் தண்டைப் பிடிக்க வேண்டும். வயிற்றுப் பகுதியைப் பிடித்தால் கைச்சூட்டில் ஒயின் சூடாகும், கைரேகையில் நிறமும் தெரியாது. ஊற்றுவது 30 மில்லிதான். “இவ்வளவுதானா?” என்று தினமும் யாராவது கேட்பார்களாம். அந்த அளவு எதற்கென்றால், கோப்பையைச் சுழற்ற இடம் வேண்டும். சுழற்றினால் மணம் மேலே எழும்பும். நான் சுழற்றியபோது கோப்பையின் உள்பக்கம் கோடு கோடாக வழிந்தது. “நல்ல ஒயின்னா இப்படிக் கோடு விழும்னு கேள்விப்பட்டேன்” என்று என் ஞானத்தைக் காட்டினேன். “அது மதுசாரம் ஆவியாகறதால வர்றது. தரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லக்கா” என்று முடித்துவிட்டாள்.

வரிசையும் உண்டு. மென்மையானது முதலில், கனமானது பிறகு. நுரைக்கும் ஒயின், வெள்ளை, இளஞ்சிவப்பு, சிவப்பு, கடைசியில் வலுவேற்றிய இனிப்பு. இனிப்பை முதலில் சாப்பிட்டுவிட்டுத் தேநீர் குடித்தால் தேநீர் சப்பென்று இருக்குமே, அதே காரணம்தான்.

இந்தப் பள்ளத்தாக்கில் பெயர்பெற்ற வெள்ளை ரகங்கள் இரண்டு: செனின் பிளாங்க், வெர்டெல்லோ. ஊர் வெப்பமான ஊர் என்பதால் அறுவடை சனவரி கடைசியிலேயே தொடங்கிவிடும், ஆஸ்திரேலியாவிலேயே முந்திய அறுவடைகளில் ஒன்று. வெயிலில் பழம் சூடாகிவிடக்கூடாது என்று இரவிலும் விடியலிலும் பறிக்கிறார்கள். செனின் பிளாங்கை அடிப்படையாக வைத்து 1937இல் ஹௌட்டன் ஆலையில் ஜாக் மான் செய்த வெள்ளை ஒயின்தான் இந்த வட்டாரத்தை நாடு முழுக்கத் தெரியவைத்தது. அவர் ஐம்பதுக்கும் மேற்பட்ட அறுவடைகளைப் பார்த்தவர். அதற்கு வைத்த பெயர் ‘ஒயிட் பர்கண்டி’. பர்கண்டி பிரான்சில் ஓர் ஊர்ப் பகுதியின் பெயர், அதை வேறு யாரும் பயன்படுத்தக்கூடாது என்று ஆனபிறகு பெயரை மாற்றினார்கள்.

அடிப்படை விஷயம் ஒன்றை நான் நாற்பதை நெருங்கும் வயதில்தான் தெரிந்துகொண்டேன். கறுப்புத் திராட்சையை உரித்துப் பாருங்கள், உள்ளே சதை நிறமே இல்லாமல்தான் இருக்கும். சிவப்பு ஒயினுக்கு நிறம் தோலிலிருந்து வருகிறது. தோலோடு புளிக்கவிட்டால் சிவப்பு, பிழிந்து சாற்றை மட்டும் புளிக்கவிட்டால் வெள்ளை. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று மதுசாரமாக்குகிறது. நம் அம்மாக்கள் தோசை மாவைப் புளிக்கவைப்பதும் நுண்ணுயிர் வேலைதான். சர்க்கரை முழுக்கத் தீர்ந்துவிட்டால் அதை ‘டிரை’ என்கிறார்கள். திரவம் எப்படி டிரை ஆகும் என்று நான் பல வருடம் குழம்பியிருக்கிறேன். இனிப்பு இல்லை என்பதுதான் அதன் பொருள், வேறொன்றும் இல்லை.

சிவப்பு ஒயினுக்கு வந்தபோது அவளுக்கு இருந்த ஒரு சிரமத்தைச் சொன்னாள். தோலிலும் விதையிலும் மரப்பீப்பாயிலும் ‘டேனின்’ என்ற பொருள் இருக்கிறது. அது நாக்கையும் ஈறையும் இழுத்துப்பிடிக்கும், வாய் உலர்ந்துபோகும். ஆங்கிலத்தில் இதை விருந்தினருக்கு விளக்க அவள் தேநீர்ப் பை, பழுக்காத பழம் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறாள். தமிழனுக்குச் சொல்ல ஒரு சொல் போதும்: துவர்ப்பு. நாவல்பழம், வாழைப்பூ, பாக்கு. அறுசுவை என்று நாம் எண்ணும்போது துவர்ப்பை ஒரு சுவையாகவே வைத்திருக்கிறோம். புளிப்பு வாயில் நீர் ஊறவைக்கும், துவர்ப்பு வாயை உலரவைக்கும். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல முடிந்தால் ஒயின் சுவைப்பதில் பாதி வந்துவிட்டது என்றாள். நான் மைக் முன்னால் வாய் ஓயாமல் பேசுகிறவள். ஆனால் அன்றைக்கு அந்த மேசையில் எனக்கு வந்த சொற்கள் ‘நல்லாருக்கு’, ‘ரொம்ப நல்லாருக்கு’ இரண்டுதான்.

அம்மா அதுவரை சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். வெயிலுக்கும் கார்ப் பயணத்துக்கும் தலைவலி. கைப்பையிலிருந்து தைலத்தை எடுத்து நெற்றியிலும் கன்னப்பொறியிலும் நன்றாகத் தேய்த்துக்கொண்டார். கற்பூரம், புதினா, நீலகிரித் தைலம் எல்லாம் கலந்த அந்தப் பச்சைநிறத் தைலத்தை நம் வீடுகளில் அறியாதவர் இல்லை. ஐந்து நிமிடம் கழித்து மேசையில் என் பக்கத்தில் நின்ற ஓர் ஆஸ்திரேலியப் பெரியவர் ஷிராஸ் கோப்பையில் மூக்கை விட்டு, கண்ணை மூடி, “யூகலிப்டஸ். அருமையான யூகலிப்டஸ்” என்றார். மனைவியையும் கூப்பிட்டு முகரச் சொன்னார்.

இதில் வேடிக்கை, அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். திராட்சைத் தோட்டத்துக்கு அருகில் யூகலிப்டஸ் மரங்கள் இருந்தால் அந்த மணம் காற்றில் வந்து பழத்தோலில் படிந்து சிவப்பு ஒயினில் தெரியும். ஆஸ்திரேலியாவில் அது பழகிப்போன விஷயம். தங்கச்சி பாவம், சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டு வந்தாள். என்னிடம் தமிழில், “அது ஒயின்ல இல்லக்கா, பெரியம்மா நெத்தில” என்றாள். அம்மா காதில் விழுந்துவிட்டது. பெர்த் வந்து மூன்று நாளில் அவர் முதல்முறையாகச் சிரித்தார். எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். திரும்பி வந்தபோது சுவரோர நாற்காலிக்குப் போகாமல் மேசைக்குப் பக்கத்தில் நின்றார்.

“குடிக்கவேணாம் பெரியம்மா, மூக்கால மட்டும் பாருங்க” என்று ஒரு கோப்பையை நீட்டினாள் தங்கச்சி. அது இன்னொரு ஷிராஸ். பழம் தெற்கே குளிர்ந்த கிரேட் சதர்ன் வட்டாரத்திலிருந்து வந்தது. அம்மா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே குனிந்து முகர்ந்தார்.

“மிளகு” என்றார்.

எனக்கு மிளகு தெரியவே இல்லை. எத்தனைமுறை முகர்ந்தும் ஏதோ பழ வாசனைதான். இதற்கும் காரணம் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். ஷிராஸில் வரும் மிளகு மணம் ஒப்புமை இல்லை, உண்மையாகவே மிளகில் இருக்கும் அதே பொருள்தான். ரொட்டண்டோன் என்று பெயர். ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சிக் கழகத்தார் 2008இல் வெளியிட்ட ஆய்வு அது. குளிர்ந்த இடத்துப் பழத்தில் அதிகம் இருக்கும். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்த மணம் தெரிவதே இல்லையாம். அந்த ஒருவர் நான். ரசத்துக்கு மிளகு பொடிக்கும் அம்மாவின் மூக்குக்கு ஒரு நொடிதான் பிடித்தது. “தினமும் இருபது பேர் மூக்கை விட்டு ஆட்டறாங்க, மிளகுன்னு சொல்றவங்க ரெண்டு பேர்தான்” என்றாள் தங்கச்சி. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த கோப்பைக்கு அவள் கூப்பிடவேண்டியிருக்கவில்லை.

அம்மா கேட்ட ஒரு கேள்விக்கு நன்றி சொல்ல வேண்டும். “இது சைவமா?” வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிறவர், அதனால் வாயில் வைக்காத பொருளுக்கும் அந்தக் கேள்வி வந்தது. பதில் எனக்கு அதிர்ச்சி. கலங்கலைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், ஜெலட்டின், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஒரு பசை என்று பலவற்றைப் பயன்படுத்துவார்கள். அவை அடியில் படிந்ததும் ஒயினை வடித்துவிடுவார்கள் என்றாலும், சைவம் பார்ப்பவர்கள் பாட்டிலில் ‘வீகன்’ என்று போட்டிருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். களிமண் கொண்டு தெளியவைப்பவர்களும் உண்டு.

நடத்தை விஷயத்தில் தங்கச்சியின் மனக்குறைகள் வேறு. பிடிக்கவில்லை என்று சொல்வது தவறே இல்லை. “எனக்கு இது ஒத்துவரல” என்று சொல்லிவிட்டு மிச்சத்தை வாளியில் ஊற்றிவிடலாம், யாரும் வருத்தப்படமாட்டார்கள். முகத்தைச் சுளித்து ‘சீ’ என்பதுதான் வருத்தம். இனிப்பு ஒயின் வேண்டும் என்று கேட்கப் பலர் வெட்கப்படுகிறார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் காரமான சாப்பாட்டுக்கு இலேசான இனிப்புள்ள வெள்ளை ஒயின்தான் பொருந்தும்; துவர்ப்பும் மதுசாரமும் கூடிய சிவப்பு, மிளகாய் எரிச்சலை இன்னும் ஏற்றிவிடும். பாட்டிலை எடுத்துத் தானே ஊற்றிக்கொள்ளக்கூடாது. சுவைக்கக் கட்டணம் உண்டு, பல இடங்களில் பாட்டில் வாங்கினால் அதைக் கழித்துவிடுவார்கள். எட்டுப் பேர், பத்துப் பேர் என்றால் முன்பதிவு செய்துவிட்டு வர வேண்டும். “எதுல போதை அதிகம்?” என்று கேட்கக்கூடாது. நம் ஆட்கள் மட்டும் கேட்கும் கேள்வி இல்லை அது, எல்லா நாட்டுக்காரரும் கேட்கிறார்களாம்.

உணவகத்தில் நாம் நடிக்கும் ஒரு சடங்கைப் பற்றியும் கேட்டேன். பணியாளர் பாட்டிலைத் திறந்து கொஞ்சம் ஊற்றிவிட்டு நம் முகத்தையே பார்ப்பாரே, அது பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்கு இல்லை. கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பதற்கு. தக்கை கெட்டிருந்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வரும். அப்படி வந்தால் சொல்லலாம், வேறு பாட்டில் தருவார்கள். வராவிட்டால் தலையை ஆட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். ஆஸ்திரேலிய ஒயின்களில் பெரும்பாலும் திருகு மூடிதான் என்பதால் அந்தத் தொல்லையும் குறைவு. திருகு மூடி மலிவின் அடையாளம் இல்லை. இன்னொன்று, சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்கச் சொல்வது நம் அறையின் 30 டிகிரியில் இல்லை, 16, 18 டிகிரியில். கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ சிவப்பையும் அரைமணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்தே எடுக்க வேண்டும்.

வாடகைக் காரை ஓட்டி வந்தது நான். அங்கே 100 மில்லி ஒயினில் ஏறக்குறைய ஒரு ‘ஸ்டாண்டர்ட் டிரிங்’, அதாவது 10 கிராம் மதுசாரம் இருப்பதாகக் கணக்கு. ஆறு வகை சுவைத்து ஆறையும் விழுங்கினால் இரண்டை நெருங்கிவிடும். ஓட்டுநருக்கு வரம்பு 0.05. நம் நாட்டிலும் 2020 முதல் அதே அளவுதான். வழியில் எங்கே வேண்டுமானாலும் போலீஸ் நிறுத்தி ஊதச் சொல்லும். அதனால்தான் அந்த வாளி. நான் வாளியைப் பார்த்துத் தயங்கினேன். நான்கு பேர் முன்னால் எச்சில் துப்புவதா? “துப்பறவங்களத்தான் நாங்க மதிப்போம்கா. தொழில் தெரிஞ்சவங்க எல்லாரும் துப்புவாங்க” என்று தானே ஒரு வாய் எடுத்து, நாக்கில் உருட்டி, குனிந்து, சத்தமே இல்லாமல் ஒரே கோடாகத் துப்பிக் காட்டினாள். நான் முயன்றபோது பாதி வாளியிலும் பாதி என் சட்டையிலும். குளியலறையில் வாயில் தண்ணீர் வைத்துப் பழகிவிட்டு வரவேண்டிய வித்தை அது.

அம்மா அந்த வாளியைக் குனிந்து பார்த்தார். “எங்க பாட்டி வெத்தல போட்டா பக்கத்துல ஒரு பித்தளப் படிக்கம் இருக்கும். சாறு எறங்கினதும் அதுலதான் துப்புவாங்க” என்றார். பிறகு, “பல்லு கூசாதா?” என்று கேட்டார்.

கூசுமாம். ஒயினில் இருக்கும் அமிலம் பல் எனாமலை அரிக்கும். வேலை முடிந்து போனதும் உடனே பல் தேய்க்கக்கூடாது, வாயைக் கொப்பளித்துவிட்டுப் பொறுத்துத்தான் தேய்க்க வேண்டும் என்று பல் மருத்துவர் சொல்லியிருக்கிறாராம். எட்டு மணி நேரம் நிற்பதில் கால் வலி வேறு. அம்மா கைப்பையைத் திறந்து தைலத்தை எடுத்தார், எடுத்துவிட்டு நினைவு வந்து மறுபடி உள்ளே வைத்தார்.

இரண்டரை மணிக்கு ஒரு கூட்டம் வந்தது. கல்யாணப் பெண்ணும் தோழிகளும், எட்டுப் பேர். இதற்கு முன் வேறு இரண்டு இடங்களுக்குப் போய்விட்டு வருகிறார்கள் போலிருந்தது. அதில் ஒருத்தி மட்டும் மற்றவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தாள். தங்கச்சி ஏழு கோப்பையில் ஊற்றினாள், எட்டாவதில் தண்ணீர் ஊற்றிச் சிரித்த முகத்தோடு அவள் முன் வைத்தாள். அந்தப் பெண்ணுக்குக் கோபம். காசு கட்டியிருக்கிறேன் என்றாள். தங்கச்சி குரலை உயர்த்தவில்லை. இன்றைக்கு உங்களுக்கு என்னால் ஊற்ற முடியாது, உங்கள் பங்குக் கட்டணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று இரண்டுமுறை சொன்னாள். மூன்றாம் முறை மேலாளர் வந்து அதையே சொன்னார்.

இது அவளாகச் செய்ததில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் மது பரிமாறும் வேலைக்கு வருகிறவர் பொறுப்போடு பரிமாறுவதற்கான பயிற்சி முடித்திருக்க வேண்டும். போதை ஏறியவருக்கு ஊற்றினால் கடைக்கு மட்டுமில்லை, ஊற்றியவருக்கும் அபராதம். ஆனால் ஏறிவிட்டது என்று எப்படிக் கண்டுபிடித்தாய், அந்தப் பெண் தள்ளாடக்கூட இல்லையே என்று நான் கேட்டேன்.

“நடந்து வர்றதுலயே தெரியும்கா. நம்ம வீட்ல வளந்தவளுக்கு அது தெரியாதா?”

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. சித்தப்பாவைப் பற்றி நாங்கள் யாரும் பேசுவதில்லை. அம்மா தங்கச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்று நம் குடும்பக் குழுக்களில் வரும் செய்திகளை நம்பி யாரும் தொடங்கவேண்டாம். உடல்நலத்துக்குப் பாதுகாப்பான மது அளவு என்று ஒன்று இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. குடிக்காத குடும்பத்தாருக்கும் இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு நாள் போதாது. சாக்லெட் கடை, தேன் கடை, நூகா மிட்டாய்க் கடை, பக்கத்தில் கேவர்ஷம் விலங்குப் பூங்கா என்று பிள்ளைகளுக்கும் வேலை இருக்கிறது. வாங்கிக்கொண்டு வர நினைப்பவர்களுக்கு, மலேசியாவுக்குள் தீர்வையில்லாமல் கொண்டுவர ஒருவருக்கு ஒரு லிட்டர்தான். ஒரு பாட்டில் 750 மில்லி, எனவே ஒன்றுதான் கணக்கு. துணிக்குள் சுற்றி, பதிவுசெய்யும் பெட்டியில் வைக்க வேண்டும்.

நான் வெர்டெல்லோ ஒன்று வாங்கினேன். வேலை முடிந்து தங்கச்சி வாளியைக் கழுவப் போனபோது அம்மாவும் கூடவே பின்பக்கம் போனார். தண்ணீர்க் குழாயடியில் இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் காரில் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். திரும்பி வந்தபோது அம்மாவின் புடவைக் கரை நனைந்திருந்தது. காலையில் வாங்கிய திராட்சைப் பெட்டியைத் தங்கச்சியிடம் கொடுத்து, கழுவித் தின்னச் சொன்னார்.

கில்ட்ஃபோர்ட் தாண்டும்போது அம்மா என் கைப்பேசியை வாங்கிச் சித்தியைக் கூப்பிட்டார். எனக்கு ஸ்டியரிங்கில் கை நடுங்கியது. வெயில், கங்காரு, திராட்சை விலை எல்லாம் பேசினார். பிறகு சற்று நிறுத்தி, “உம் மக என்ன வேல செய்றான்னு பாத்தேன்” என்றார். எல்லாவற்றையும் சொன்னார். பாட்டில், கோப்பை, மேசை. மறுமுனையில் சித்தியின் குரல் உயர்வது எனக்கே கேட்டது. அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“அழாத. அவ குடிக்கல, துப்புறா. நான் நாள் பூரா பக்கத்துலயே நின்னு பாத்தேன். அந்த வாளியக் கழுவினதே நாங்க ரெண்டு பேருந்தான்.”